அமெரிக்க அடுப்பங்கரை – 17: தேங்காயும் பீக்கனும் சேர்ந்த மேற்பூச்சு

1957ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வெளிவந்த ‘டல்லஸ் மார்னிங் நியூஸ்’ நாளிதழின் அன்றாடச் சமையல் குறிப்புப் பகுதியில், அதே நகரத்து இல்லத்தரசியான திருமதி ஜார்ஜ் கிளே எழுதி அனுப்பிய ஒரு சாக்லேட் கேக்கின் செய்முறை அச்சாகியது. மூன்று அடுக்குகளாகச் சுட்டெடுத்த மென்பழுப்பு நிறக் கேக்கின் இடையிலும் உச்சியிலும், பால், சர்க்கரை, முட்டையின் மஞ்சள் கரு, வெண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சித் திரட்டி, அதில் தேங்காய்த் துருவலையும் நறுக்கிய பீக்கன் பருப்பையும் கலந்து பரப்பும் மேற்பூச்சுதான் அந்தச் செய்முறையின் உயிர்நாடி. கேக்குக்கு வேண்டிய சாக்லேட்டைத் தயாரித்து விற்றுவந்த ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் இதைக் கவனித்து, நாட்டின் பிற நாளிதழ்களுக்கும் செய்முறையை அனுப்பிவைத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் டெக்ஸாஸில் மட்டுமன்றி அமெரிக்காவின் எல்லாத் திசைகளிலும் பிறந்தநாள் மேசைகளிலும் தேவாலய விருந்துகளிலும் அந்தக் கேக் இடம்பிடித்தது. பாட்டிகாலத்துப் பண்டம் என்று இன்று பல குடும்பங்களில் எண்ணப்படும் இந்த மேற்பூச்சு, அச்சில் பரவலாகி எழுபது ஆண்டுகள்கூட நிறைவடையாத ஒன்று என்பதும், அதே வேளையில் அதன் ஒவ்வொரு பொருளுக்கும் நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு என்பதும் சேர்த்துப் பார்க்கத்தக்கவை.

அக்கால அமெரிக்கச் செய்தித்தாள்களில் மணமான பெண் கணவரின் பெயராலேயே குறிக்கப்பட்டாள். ஆகவே நாடறிந்த ஒரு பண்டத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த அந்தப் பெண்மணி, தம் சொந்தப் பெயர் துலங்காமலேயே சமையல் வரலாற்றில் நிலைத்துவிட்டார். அவரே அதை முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கும் இடமில்லை. மோர் சேர்த்த சாக்லேட் கேக்குகள் தென் மாநிலங்களில் முன்பே வழக்கில் இருந்தன; அண்டைவீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்வதும், தேவாலய மகளிர் அமைப்புகள் தொகுத்து வெளியிட்ட சமையல் நூல்களிலிருந்து படியெடுப்பதும், நாளிதழ்களின் வாசகர் பகுதிகளுக்கு அனுப்புவதுமாகச் செய்முறைகள் கைமாறிவந்த ஒரு பெரும் சுழற்சியின் ஒரு கண்ணியாகவே டல்லஸ் நாளிதழின் அந்தப் பக்கத்தைக் கொள்ள வேண்டும்.

‘ஜெர்மன் சாக்லேட் கேக்’ என்று பெயர் பெற்ற இந்தக் கேக்குக்கும் ஜெர்மனி நாட்டுக்கும் தொடர்பில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டார்செஸ்டர் நகரில், நெபான்செட் ஆற்றின் நீரோட்டத்தால் இயங்கிய ஆலையில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கொக்கோ அரைத்துவந்த பேக்கர் நிறுவனத்துக்காக, சாமுவேல் ஜெர்மன் என்னும் பணியாளர் 1852ஆம் ஆண்டில் சர்க்கரையை முன்னதாகவே மிகுதியாகச் சேர்த்த ஒரு சாக்லேட் கட்டியை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது ‘ஜெர்மன்ஸ் ஸ்வீட் சாக்லேட்’ என விற்பனையானது. அந்தச் சாக்லேட்டில் செய்த கேக் என்ற பொருளில் வழங்கிய பெயரே நாளடைவில் சுருங்கி, ஒரு நாட்டைச் சுட்டுவதுபோல் ஒலிக்கத் தொடங்கியது. கொக்கோவின் கசப்பு குறைந்த, இனிப்பு தூக்கலான இந்தச் சாக்லேட் கேக்குக்குக் கருமை தருவதில்லை. சாயலும் சுவையும் அடங்கியே இருக்கும். அடக்கமான அந்த அடித்தளத்தின் மேல்தான் மேற்பூச்சின் கொழுப்பும் மணமும் ஓங்கி நிற்க முடிந்தது என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள இயலாது.

கேக்கின் மேல் பூசுவதை அமெரிக்கர் ஃபிராஸ்டிங் அல்லது ஐசிங் என்கின்றனர். இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்ட வெண்பூச்சு, முட்டையின் வெள்ளைக் கருவைச் சூடான சர்க்கரைப் பாகுடன் அடித்து நுரைக்கச் செய்து எடுப்பது. பனிபோல் வெளுத்திருப்பதே அதன் பெருமை. தேங்காய்–பீக்கன் பூச்சு முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெண்ணெயையும் மெல்லிய தீயில் காய்ச்சிக் கெட்டியாக்கும் முறை அதற்கு முன்பே தென் மாநிலங்களில் வேரூன்றியிருந்தது. அலபாமா மாநிலத்தின் கிளேட்டன் ஊரைச் சேர்ந்த எம்மா ரைலேண்டர் லேன் 1898ஆம் ஆண்டில் தாமே வெளியிட்ட சமையல் நூலில் ‘பரிசுக் கேக்’ என்ற பெயரில் ஒரு செய்முறையைத் தந்தார். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நடந்த கண்காட்சியில் அவருக்கு முதற்பரிசு பெற்றுத் தந்த அந்தக் கேக்கின் அடுக்குகள் வெள்ளைக் கருவால் ஆனவை. எஞ்சிய மஞ்சள் கருக்களைச் சர்க்கரை, வெண்ணெய், உலர்திராட்சை, விஸ்கி ஆகியவற்றுடன் சேர்த்துக் காய்ச்சி இடைப்பூச்சாக்கினார். பின்வந்தவர்கள் அந்தப் பூச்சில் தேங்காயையும் பீக்கனையும் சேர்க்கத் தொடங்கினர். மஞ்சள் கரு வீணாகாமல் இருக்க வேண்டும் என்ற சிக்கன உணர்வில் பிறந்த ஒரு முறை, இவ்வாறு படிப்படியாகச் செழித்து, டல்லஸ் செய்முறைக்கு மிக நெருங்கிய முன்னோடியாக நிற்கிறது. சுவையான ஒரு முரண் என்னவென்றால், டல்லஸ் கேக்கில் நான்கு முட்டைகளின் இரு கருக்களும் கேக்குக்கே போய்விடுவதால், மேற்பூச்சுக்கென மேலும் மூன்று மஞ்சள் கருக்கள் தேவைப்பட்டு, சிக்கனத்தில் தொடங்கிய மரபு மூன்று வெள்ளைக் கருக்களை மிச்சம் வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

சாக்லேட் பொட்டலங்களின் வழியாகப் பரவிய செய்முறையில் காணப்படும் அளவுகள் எளிமையானவை. 240 மில்லிலிட்டர் கொள்ளும் அமெரிக்கக் கோப்பையால் அளந்து, ஒரு கோப்பை எவாபரேட்டட் மில்க், ஒரு கோப்பை சர்க்கரை, மூன்று மஞ்சள் கரு, அரைக் கோப்பை அதாவது ஏறத்தாழ 113 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி வெனிலா ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் சேர்த்து, நடுத்தரத் தீயில் ஏறத்தாழ 12 நிமிடம் கைவிடாமல் கிளறிக் கெட்டியானதும் இறக்கி, ஒன்றேகால் கோப்பைக்குச் சற்று மிகுதியான தேங்காய்த் துருவலையும் ஒரு கோப்பை நறுக்கிய பீக்கனையும் கலந்து, பூசும் பதம் வரும்வரை ஆறவிட வேண்டும். மாவுப்பொருள் ஏதும் இதில் இல்லை. கெட்டிப்படுத்தும் வேலை முழுவதையும் மஞ்சள் கருவும் வற்றிய பாலும் ஆறிய வெண்ணெயும் பங்கிட்டுக்கொள்கின்றன.

எவாபரேட்டட் மில்க் என்பது பாலிலுள்ள நீரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை வற்றவைத்து, சர்க்கரை சேர்க்காமல் டப்பாவில் அடைத்து உயர்வெப்பத்தில் கிருமி நீக்கப்பட்டது. தமிழர் வீடுகளில் நன்கு அறிமுகமான கண்டென்ஸ்டு மில்க்கோ சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டது. கண்டென்ஸ்டு மில்க்குக்கு டெக்ஸாஸோடு ஒரு தொடர்பு உண்டு. கண்டென்ஸ்டு மில்க் தயாரிக்கும் முறைக்கு 1856ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கெயில் போர்டன், அதற்குமுன் பல்லாண்டுகள் டெக்ஸாஸில் வாழ்ந்து, அங்கே நில அளவையாளராகவும் செய்தித்தாள் பதிப்பாளராகவும் கால்வெஸ்டன் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாகவும் பணியாற்றியவர். அம்மாநிலத்தில் ஒரு மாவட்டமும் அதன் தலைமையூரும் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. ஆனால் போர்டனின் பாலைக் கெடாமல் காத்தது சர்க்கரை. சர்க்கரை இல்லாமலேயே பாலைக் காக்க முடியும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜான் பாப்டிஸ்ட் மேயன்பெர்க். ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனத்தின் ஆலையில் பணிபுரிந்தபோது டப்பாவை அழுத்தத்தில் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறையை அவர் உருவாக்கினார். இனிப்புப் பால் நன்றாக விற்றுவந்ததால் நிர்வாகம் அதில் அக்கறை காட்டவில்லை. 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய அவருடைய முறையைக் கொண்டு, இல்லினாய் மாநிலத்தில் சுவிஸ் குடியேறிகள் மிகுந்த ஹைலேண்ட் என்னும் சிற்றூரில் 1885ஆம் ஆண்டில் ஹெல்வெஷியா நிறுவனம் தொடங்கப்பட்டது. மேற்குக் கரையில் 1899ஆம் ஆண்டில் தோன்றிய கார்னேஷன் நிறுவனமும் இதே வகைப் பாலையே சந்தைக்குக் கொண்டுவந்தது.

டெக்ஸாஸ் போன்ற வெப்பமான நிலப்பரப்பில், மின்குளிர்ப்பெட்டி பரவலாவதற்கு முன், கறந்த பால் மாலைக்குள் திரிந்துவிடும் வீடுகளில் டப்பாப்பால் அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது ஒரு பெரும் வசதி. கிராமப்புறங்களுக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கூட்டாட்சித் திட்டம் 1930களின் நடுவில்தான் தொடங்கியது என்பதை நினைவில் கொண்டால், டப்பாப்பாலின் சுவைக்கு ஒரு தலைமுறை முழுவதும் ஏன் பழகிப்போயிருந்தது என்பது விளங்கும். அந்தச் சுவைக்கும் ஒரு காரணம் உண்டு. டப்பாவுக்குள் 115 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் பாலின் புரதமும் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரையும் வினைபுரிவதால் பாலுக்கு இலேசான பழுப்பு நிறமும் கருக்கிய சர்க்கரையை ஒத்த மணமும் ஏறுகின்றன. மேற்பூச்சின் பொன்னிறத்துக்கும் காராமல் சாயலுக்கும் வித்து அங்கேயே ஊன்றப்பட்டுவிடுகிறது. புதிய பாலைக் கொண்டு இதே அளவில் செய்தால் நீர் மிகுந்து, கெட்டிப்படும்வரை காய்ச்சுவதற்குள் மஞ்சள் கரு திரிந்துவிடும். டப்பாப்பாலிலுள்ள புரதங்களோ ஆலையிலேயே வெப்பத்துக்குப் பழக்கப்பட்டவை. அடுப்பில் எளிதில் பிரிவதில்லை.

அடுப்படி வேலையின் நுட்பம் முழுவதும் அந்த 12 நிமிடங்களுக்குள் அடங்கியிருக்கிறது. முதலில் மஞ்சள் கருவைத் தனியே உடைத்துக் கலக்கி, குளிர்ந்த டப்பாப்பாலோடு கட்டியில்லாமல் சேர்த்த பிறகே சர்க்கரையும் வெண்ணெய்த் துண்டுகளும் பாத்திரத்துக்குள் வர வேண்டும். சூடான பாலில் கருவை ஊற்றினால் அது அங்கேயே இழையிழையாக வெந்து நிற்கும். அடிகனமான பாத்திரமும் மரக்கரண்டியும் இதற்கு ஏற்றவை. முந்தைய தலைமுறையினர் கொதிநீருள்ள பாத்திரத்தின் மேல் மற்றொரு பாத்திரத்தை வைத்து ஆவியின் சூட்டிலேயே காய்ச்சினர். தொடக்கத்தில் வெண்ணெய் உருகி மேலே மஞ்சள் வளையங்களாக மிதக்கும். கலவை நீர்த்துத் தளும்பும். சூடு ஏற ஏற அந்த வளையங்கள் மறைந்து, பரப்பு ஒரே நிறமாகி, கரண்டி சென்ற தடம் பாத்திரத்தின் அடியில் ஒரு கணம் தெரிந்து மூடும். தனித்த மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும். ஆனால் பாலும் மிகுந்த சர்க்கரையும் புரதங்களை ஒன்றோடொன்று எளிதில் பிணைய விடாமல் விலக்கி வைப்பதால், இந்தக் கலவை 80 டிகிரியைத் தாண்டிய பின்னரே திரளத் தொடங்குகிறது. கரண்டியின் முதுகில் படிந்த கலவையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தால் அக்கோடு வழிந்து மூடாமல் நிற்பதே இறக்கும் பதம் என்பது வழிவழியாக வரும் சோதனை. அதற்கு முன்னரே இறக்கினால் எவ்வளவு நேரம் ஆறவிட்டாலும் பூச்சு கேக்கின் பக்கங்களில் வழிந்தோடும். தாமதித்தால் அடிபிடித்து, கரு திரிந்து, வெண்ணெய் எண்ணெயாகப் பிரிந்து மேலே நிற்கும். சிறுசிறு கட்டிகள் மட்டும் தோன்றியிருந்தால் சல்லடையில் வடித்தும், எண்ணெய் பிரிந்திருந்தால் ஒரு கரண்டிப் பால் விட்டு விரைந்து அடித்தும் ஓரளவு மீட்கலாம் என்பது அனுபவமிக்கோர் அறிந்தது. அச்சிட்ட செய்முறை ‘கெட்டியாகும்வரை’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. எந்த அளவுக்குக் கெட்டி என்பதைக் கண்ணும் கையும்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, தாயிடமிருந்தோ அண்டைவீட்டாரிடமிருந்தோ அதை ஏற்க வேண்டியிருந்தது. வீட்டில் செய்த பூச்சுக்கு உரிய தனித்தன்மை பொருள்களில் இல்லை, இந்தப் பதத்தில்தான் இருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

பாத்திரம் அடுப்பைவிட்டு இறங்கியதும் வெனிலா சேர்கிறது. அதன் மணம் சூட்டில் பறந்துவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டச் சொல்லும் அச்சுச் செய்முறையை மீறிப் பலரும் அதைக் கடைசியிலேயே விடுகின்றனர். அடுத்து வருவது தேங்காய். அமெரிக்க வீடுகளில் பயன்பட்டது உடைத்துத் துருவிய பச்சைத் தேங்காயன்று. ஆலையில் துருவி உலர்த்தி, இனிப்பூட்டிப் பொட்டலத்திலோ டப்பாவிலோ அடைத்தது. 1890களின் நடுவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மாவாலை உரிமையாளரான ஃபிராங்க்ளின் பேக்கர், கியூபா வணிகர் ஒருவருக்கு அனுப்பிய மாவுக்கு விலையாக ஒரு கப்பல் தேங்காயைப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. முழுத் தேங்காய்களை விற்க வழியில்லாததால் துருவி உலர்த்தும் கருவிகளை வாங்கி வேலையைத் தொடங்கிய அவர், விரைவில் மாவாலையைக் கைவிட்டு முழுநேரத் தேங்காய் வணிகரானார். இவருக்கும் சாக்லேட் தயாரித்த பேக்கர் குடும்பத்துக்கும் உறவில்லை.

உலர் துருவல் வணிகத்தில் அந்நாளில் முன்னணியில் நின்ற நாடு இலங்கை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தென்னை மிகுந்த மேற்கு, வடமேற்குப் பகுதிகளில் எழுந்த ஆலைகள் பருப்பின் பழுப்புத் தோலைச் சீவி, துருவி, வெப்பக்காற்றில் உலர்த்தி, ஈயத்தாள் வேய்ந்த மரப்பெட்டிகளில் அடைத்துப் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பின. 1922ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் அயல்நாட்டுத் துருவலுக்கு வரி விதித்தது; அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்த பிலிப்பைன்ஸ் சரக்குக்கோ அந்த வரி இல்லை. முதலீடு மணிலாவுக்குத் தெற்கேயுள்ள லகுனா மாகாணத் தென்னந்தோப்புகளை நோக்கித் திரும்பியது. ஃபிராங்க்ளின் பேக்கர் நிறுவனமும் அங்குள்ள சான் பாப்லோவில் ஆலை நிறுவியது. டல்லஸ் நகரத்து மேற்பூச்சில் கலந்த துருவல் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து வந்திருக்கும் என்று கருதுவதற்கு இதுவே அடிப்படை. உலர்ந்த துருவலுக்குப் பாத்திரத்தில் சுவை தருவதோடு வேறொரு வேலையும் உண்டு. அது கலவையின் நீரை ஈர்த்து ஊறிப் பருத்து, ஆறும்போது பூச்சைத் தாங்கி நிறுத்துகிறது. பச்சைத் துருவலைச் சேர்த்தால் அதிலிருந்தே நீர் கசிந்து பூச்சு தளர்ந்துபோவதன் காரணமும் இதுதான்.

இவ்விடத்தில் வணிக வரலாறு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். போஸ்டம் என்னும் தானிய உணவு நிறுவனம் 1926ஆம் ஆண்டில் ஸ்வான்ஸ் டவுன் கேக் மாவைத் தயாரித்த நிறுவனத்தையும், 1927ஆம் ஆண்டில் வால்டர் பேக்கரின் சாக்லேட், ஃபிராங்க்ளின் பேக்கரின் தேங்காய் ஆகிய இரு நிறுவனங்களையும், 1928ஆம் ஆண்டில் காலுமெட் பேக்கிங் பவுடரையும் வாங்கி, 1929ஆம் ஆண்டில் ஜெனரல் ஃபுட்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கேக் மாவும் சாக்லேட்டும் தேங்காயும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்ட அந்த நிறுவனத்துக்கு, மூன்றையும் ஒருங்கே கேட்கும் செய்முறை ஒன்று வாசகி ஒருவரின் கடிதத்தில் தேடி வந்தது பெரும்பேறு. இதைக் கொண்டு இந்தக் கேக்கே விளம்பரத் துறையின் படைப்பு என்று சிலர் முடிவுகட்டுவது பொருந்தாது. நிறுவனம் செய்தது பரப்பும் வேலை. பொருள்களை இந்த விகிதத்தில் சேர்த்து, அடுப்படியில் நின்று பதம் கண்டது டெக்ஸாஸ் பெண்களின் உழைப்பு.

பீக்கன் அந்த நிறுவனத்தின் கிடங்கிலிருந்து வந்ததன்று. டெக்ஸாஸின் சொந்த மண்ணில் விளைந்தது. வால்நட் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலும் டெக்ஸாஸ், வடமெக்சிகோ ஆற்றங்கரைகளிலும் இயற்கையாக வளர்வது. 1530களில் கப்பற்சேதத்துக்குப் பின் அப்பகுதியில் அலைந்த ஸ்பானியரான கபேசா தே வாக்கா, பழங்குடி மக்கள் பருவத்தில் ஆற்றோரத்தில் திரண்டு இந்தக் கொட்டையையே உணவாக்கிக்கொண்டு வாழ்ந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஓராண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு அரிதாகவும் காய்ப்பது இம்மரத்தின் இயல்பு. விதையிலிருந்து முளைத்த மரம் தாய்மரத்தின் குணத்தைத் தருவதுமில்லை. இந்தத் தடையைக் கடந்தவர் லூசியானா மாநிலத்தின் ஓக் ஆலி பெருந்தோட்டத்தில் அடிமையாக இருந்த அந்துவான் என்னும் தோட்டக்காரர். 1840களில் அவர் மெல்லிய ஓடுடைய ஒரு மரத்தின் கிளைத்துண்டுகளை வேறு மரங்களில் ஒட்டுக்கட்டி 16 மரங்களை உருவாக்கியதே பீக்கனில் வெற்றிகண்ட முதல் ஒட்டுமுறையாகக் கருதப்படுகிறது. அந்த வகை 1876ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்று, ‘சென்டெனியல்’ என்ற பெயரில் பரவியது. ஒட்டுக்கட்டிய கைக்கு உரியவரின் குடும்பப்பெயர்கூட எந்த ஆவணத்திலும் இல்லை. டெக்ஸாஸில் சான் சபா ஆற்றங்கரையில் குடியேறிய இ. இ. ரைசன் என்னும் ஆங்கிலேய மரவேலைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள் அம்மாநிலத் தோப்புகளுக்கு அடித்தளமாயின. 1919ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் பீக்கனைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

மரத்தில் விளைந்த கொட்டை, நறுக்குவதற்கேற்ற பருப்பாகிச் சமையலறைக்கு வந்து சேர்வதற்குள் வேறு பலருடைய கைகளைக் கடந்தாக வேண்டியிருந்தது. ஓட்டை உடைத்து, பருப்பு சிதையாமல் பிரித்து, இரு பாதிகளுக்கிடையே ஒட்டியிருக்கும் கசப்பான செந்நிறச் சவ்வை நீக்கும் வேலையின் தலைநகராக 1920களிலும் 1930களிலும் விளங்கியது சான் அன்டோனியோ. உடைக்கும் இயந்திரங்கள் அப்போதே இருந்தன. ஆயினும் அந்நகரின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வழிவந்த ஏழைகளின் கூலி இயந்திரத்தின் செலவைவிடக் குறைவாக இருந்ததால், முதலாளிகள் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைவேலைக்கே திரும்பினர். காற்றோட்டமில்லாத சிறு கொட்டகைகளில் நீண்ட மேசைகளைச் சுற்றிப் பெரும்பாலும் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்து, நாள் முழுவதும் பருப்பைக் கிளறி எடுத்தனர். ஓட்டின் மெல்லிய பழுப்புத் தூசி காற்றில் நிறைந்திருந்தது. அம்மக்களிடையே காசநோய் நாட்டின் சராசரியைவிட மிகுதியாக உயிர்களைக் கொண்டுபோனது. வாரம் முழுதும் உழைத்தவர் கையில் இரண்டு மூன்று டாலரே மிஞ்சியது.

ஒரு பவுண்டுப் பருப்புக்கு ஆறு, ஏழு சென்ட் என்றிருந்த கூலியை ஐந்து, ஆறு சென்டாகக் குறைப்பதாக அறிவித்ததும், 1938ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். ஏறத்தாழ 12,000 பேர் ஈடுபட்ட அந்த வேலைநிறுத்தத்தின் முதற்குரலாக ஒலித்தவர், அப்போது 21 வயதே நிரம்பியிருந்த எம்மா தெனயூகா. காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. நூற்றுக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர். தெனயூகாவின் கம்யூனிஸ்ட் தொடர்பு காரணமாகத் தொழிற்சங்கமே அவரை முறையான தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கியபோதும், தொழிலாளர் அவரைத் தங்களவராகவே மதித்தனர். மார்ச் மாதத்தில் இரு தரப்பும் நடுவர் தீர்ப்புக்கு இசைந்து, கூலி ஓரளவு உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியைக் கட்டாயமாக்கியதும், ஒதுக்கி வைத்திருந்த இயந்திரங்களை ஆலைகள் மீண்டும் நிறுவின; சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களுக்குக் கிடைத்த நீதி அவர்கள் பிழைப்பையே எடுத்துக்கொண்ட இந்தத் திருப்பம், அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் வேதனை மிகுந்த பக்கங்களுள் ஒன்று. 1957ஆம் ஆண்டில் டல்லஸ் கடையில் உடைத்துச் சுத்தம் செய்த பீக்கன் பருப்பு எளிதாக வாங்கக்கூடிய பொருளாக அடுக்கப்பட்டிருந்ததன் பின்னணியில் அந்த மேற்குப் பகுதிக் கொட்டகைகளும் உண்டு. மேற்பூச்சைப் பற்றி எழுதும் சமையல் நூல்கள் அவற்றைக் குறிப்பிடாமலே கடந்துவிடுவது நியாயமன்று.

பருப்பில் எடையளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு கொழுப்பு. பொட்டலச் செய்முறை அதை வறுக்கச் சொல்லவில்லை. ஆயினும் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் எட்டுப் பத்து நிமிடம் வாட்டிய பின் நறுக்கிச் சேர்ப்பதைப் பலர் வழக்கமாகக் கொண்டனர். வாட்டிய பருப்பு மணப்பதோடு, ஈரமான பூச்சுக்குள் நெடுநேரம் நமுத்துப் போகாமலும் இருக்கிறது. துருவலும் பருப்பும் சேர்ந்த கலவையை அவ்வப்போது கிளறியபடி ஆறவிடும்போது, உருகியிருந்த வெண்ணெய்க் கொழுப்பு மீண்டும் உறையத் தொடங்கி, பளபளத்து ஓடிக்கொண்டிருந்த கலவை மங்கலாகிக் கரண்டியில் குவிந்து நிற்கும். அறைவெப்பத்துக்கு வந்த அந்த நிலையில்தான் பூச வேண்டும். சூடு மிச்சமிருந்தால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், குளிர்ப்பெட்டியில் இறுகவிட்டால் பூசும் கத்தி கேக்கின் மேற்பரப்பைப் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டரைக் கோப்பை அளவே தேறும் இந்தப் பூச்சு மூன்று அடுக்குகளின் மேற்பரப்புக்கு மட்டுமே போதுமானது என்பதாலும், துருவலும் பருப்பும் செறிந்த அது செங்குத்தான பக்கங்களில் ஒட்டி நிற்காது என்பதாலும், கேக்கின் பக்கங்கள் பூசப்படாமலே விடப்படுகின்றன. அமெரிக்க அடுக்குக் கேக்குகளில் பக்கங்களை மூடாமல் விடுவது குறைபாடாகக் கருதப்பட்ட அக்காலத்தில், இந்தக் கேக் மட்டும் அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது.

செய்முறை நாடெங்கும் பரவியதைத் தொடர்ந்து, பெட்டியில் அடைத்த கேக் கலவை நிறுவனங்கள் அதே பெயரில் கலவைகளை விற்றன. அடுப்பில் வைக்கத் தேவையில்லாத, டப்பாவைத் திறந்து நேரே பூசத்தக்க தேங்காய்–பீக்கன் பூச்சும் கடைகளுக்கு வந்தது. ஓராண்டுக்கு மேலும் அலமாரியில் கெடாமல் இருக்க வேண்டிய அந்தப் பூச்சில் மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் வீட்டு அளவில் சேர்ப்பது இயலாது. தாவர எண்ணெயும் சோளப் பாகும் மாவுப்பொருளும் அவற்றின் இடத்தை நிரப்பின. துருவலும் பருப்பும் பெயருக்கு மிஞ்சின. 12 நிமிடம் கிளறிப் பதம் காணும் வேலை இல்லாமலாயிற்று. ‘வீட்டில் செய்தது’ என்னும் அடைமொழி இந்த மேற்பூச்சின் பெயருக்கு முன்னால் சேரத் தொடங்கியது டப்பாப் பூச்சு வந்த பிறகுதான். அதற்கு முன் வேறு வகை இருந்ததில்லை. டப்பாவைத் தேடிய வீடுகள் பெருகியபோதும், டெக்ஸாஸிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் பிறந்தநாளுக்கும் இறப்பு வீட்டு உணவுக்கும் கிறிஸ்துமசுக்கும் அடிகனமான பாத்திரத்தை எடுத்து வைக்கும் வழக்கம் விட்டுப்போகவில்லை. ஒரு டப்பாப் பால் முழுவதையும் செலவழிக்கும் வகையில் நான்கு மஞ்சள் கருவும் ஒன்றரைக் கோப்பைச் சர்க்கரையுமாக அளவைப் பெருக்கிய திருத்தமும் அவ்வீடுகளிலும் பொட்டலங்களிலும் நிலைபெற்றது.

பெட்டியில் அடைத்த கேக் கலவைகள் முட்டையை வீட்டிலிருந்தே சேர்க்கச் சொல்லும் நிலைக்கு வந்த வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.